சலித்து அனுப்பிய மண்

பிப்ரவரி 9

என் அருமை வாலுக்கு, அண்ணி எழுதுவது.

நீயும் உன் அண்ணனும் பேசிக்கொள்ளாமல் இருப்பது உங்கள் பாடு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், பிடிவாதமும் ஒரே அச்சு. நடுவில் நான் எதற்கு வாயைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டும்? போன் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

இதோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் நம் தோட்டத்து மண்ணை அனுப்பியிருக்கிறேன். நீ வேலை பார்க்கும் மண் பரிசோதனைக் கூடத்தில் பார்த்துச் சொல். கீழ்த் தோட்டத்தைப் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகைக்கு உன் அண்ணன் வாடகைக்கு விட்டதிலிருந்து, என்னிடம் கீரை வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். "புகை படிஞ்ச கீரையாமே" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். நேற்று தையல்காரர் மனைவி கூடையைப் பார்த்தும் பார்க்காததுபோலத் தாண்டிப் போனாள். அவள் பிரசவத்துக்கு ராத்திரி முழுக்கத் துணைக்கு இருந்தவள் நான். கூடையைத் தூக்கி மறுபடி தலையில் வைக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

உன் அண்ணன் இப்போது அந்தக் கொட்டகையிலேயே உலைக்கு ஆள். அவர் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: "கீரை வித்து என்னத்தக் கண்டோம்? இதான் சோறு போடுது. எங்க வாயில மண்ண அள்ளிப் போட வேணாம்னு என் தங்கச்சிகிட்ட சொல்லு." சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் குட்டியைத்தான் தூக்குவார். அவள் அவருடைய சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டே தோளில் தூங்கிவிடுவாள். அந்த ஒரு காட்சிக்காக அவரை நான் மன்னித்துக்கொண்டே இருக்கிறேன்.

குட்டிக்கு மூன்று வயது ஆகப்போகிறது. நாலைந்து சொல்தான் பேசுகிறாள். அதில் ஒன்று 'அத்தை'. உன் போட்டோவைக் காட்டினால் சொல்கிறாள். காலண்டரில் இருக்கும் பசுமாட்டைக் காட்டினாலும் சொல்கிறாள், ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ளாதே. மண் தின்னும் பழக்கம் மட்டும் போகவில்லை. அடித்தும் பார்த்துவிட்டேன்.

மண் நல்லது என்றால் அதைத் தாளில் எழுதிக் கொடு. ஊர் வாயை அடைக்க வேண்டும். கெட்டது என்றால் எனக்கு மட்டும் சொல்.

அண்ணி


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

மண் நன்றாக இருக்கிறது. வேறு எதையும் எழுதுவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஈயம், அனுமதித்த அளவுக்கு வெகு கீழே. மற்ற உலோகங்களும் அப்படியே. நம்பாமல் இரண்டாவது தடவையும் பார்த்தேன். பக்கத்து மேசைப் பெண் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், மண்ணுக்கு அழகிப் போட்டியா வெக்கறீங்க? மாவு மாதிரி இருக்கு" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் அண்ணி கை பட்ட மண் என்று சொன்னேன்.

போன வருஷம் அண்ணனை நாலு பேர் முன்னால் "பெத்த பிள்ளைக்கு வெஷம் வெக்கிறியா" என்று கேட்டேன். அந்தச் சொல் என் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது. இன்றைக்கு அதை விழுங்கிக்கொள்கிறேன். தாளில் என் கையெழுத்து இருக்கிறது, அலுவலக முத்திரை இருக்கிறது. யாரிடம் வேண்டுமானாலும் காட்டட்டும்.

அண்ணன் கதவைத் திறந்தால் குட்டியின் பிறந்தநாளுக்கு வருகிறேன் என்று அவனிடம் சொல்லுங்கள்.

உங்கள் வாலு


ஜூன் 15

வாலுக்கு,

பதில் போட இத்தனை நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கீரை மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது, உட்கார நேரமில்லை. தையல்காரர் மனைவி இரண்டு கட்டாக வாங்குகிறாள். "நீ ஒண்ணும் நெனச்சுக்காத" என்றாள். நானும் நினைத்துக்கொள்ளாதவள்போலக் காசை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

உன் தாளை உன் அண்ணன் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறார். புகார் சொல்லி வந்த இரண்டு பேரை அதன் முன்னால் நிறுத்தி, "படிச்சுப் பாருங்க. கூடப் பொறந்தவ போட்ட கையெழுத்து, எனக்கு ஆகாதவ போட்டது" என்றாராம். அதற்கப்புறம் முதலாளி இரண்டாவது உலையும் வைத்துவிட்டார். உன்னைப் பற்றிக் கேட்டேன். "வந்தா வரட்டும்" என்றவர், பிறந்தநாள் அன்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ வரவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. நல்ல ஜோடி.

ஒரு வேடிக்கை கேள். கொட்டகை வேலிப் பக்கம் நிற்கும் வாதா மரத்தடியில் போன வருஷத்து இலை அப்படியே கிடக்கிறது. அதற்கு முந்தின வருஷத்து இலை அதற்கும் கீழே. பெட்டியில் மடித்து வைத்த துணிபோல நரம்பு, காம்பு எல்லாம் முழுசாக இருக்கிறது. பெருக்குகிற வேலை மிச்சம் என்று சிரித்துக்கொண்டேன். எருக்குழிதான் காலை வாருகிறது. அந்தக் குப்பையைத்தான் போட்டேன், ஆறு மாதமாகியும் மக்கவில்லை. கையை விட்டால் சூடே இல்லை.

என் மூக்கும் போய்விட்டது. முதல் மழை பெய்தது, மண்வாசனையே தெரியவில்லை. சளி என்று நினைக்கிறேன். குட்டி எதையும் சாப்பிடாமல் பிடிவாதம் பிடிக்கிறாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்திருக்கிறேன்.

அண்ணி


ஜூன் 21

அண்ணி,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் நின்றபடியே படித்தேன். இலை விஷயம் வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரியில் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். மண் கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்காமல் டப்பாவை வாங்க மாட்டேன். உங்களிடம் மட்டும் கேட்கவில்லை. அந்த மண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள்? எத்தனை இடத்தில் தோண்டினீர்கள்? வேலிப் பக்கம் எடுத்தீர்களா?

இலை தானாக மக்குவதில்லை, அண்ணி. ஒரு ஸ்பூன் மண்ணில் நம் ஊர் ஜனங்களைவிட அதிகம் பேர் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கிறார்கள். இலையைத் தின்று மண்ணாக்குவது அவர்கள்தான். எருக்குழி சுடுவது அவர்கள் மூச்சில். மழைக்குப் பிறகு வரும் வாசனையும் அவர்களுடையதுதான். ஈயமும் பேட்டரி அமிலமும் இறங்கினால் முதலில் சாகிறவர்கள் அவர்கள். செடி அதற்குப் பிறகும் பச்சையாக நிற்கும். அதைத்தான் நாம் பறித்துத் தின்போம்.

உங்கள் மூக்கில் கோளாறு இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

குட்டியை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தத்தில் ஈயம் பாருங்கள். பூச்சி மருந்து வேண்டாம். தோட்டத்துக் கீரையை அவளுக்குக் கொடுக்காதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள். அண்ணன் குளித்து உடை மாற்றாமல் அவளைத் தொடக் கூடாது.

உங்கள் நாத்தனார்


ஜூன் 30

நாத்தனாருக்கு,

'வாலு' போய் 'நாத்தனார்' வந்துவிட்டதைப் பார்த்தேன்.

எங்கிருந்து எடுத்தேன் என்றுதானே கேட்கிறாய். தகரக் கூரைக்குக் கீழே நாற்றுப் பெட்டி வைத்திருக்கிறேனே, அதிலிருந்து எடுத்தேன். ஆற்றோரத்து வண்டலைக் கொண்டுவந்து, பழைய எருவைக் கலந்து நான் பக்குவம் பண்ணிய மண் அது. நம்மிடம் இருப்பதில் அதுதான் முதல் தரம். வேர், கல், வேலியிலிருந்து பறந்து வந்திருந்த கறுப்புத் தூள் எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, இரண்டு தடவை சலித்து, நிழலில் உலர்த்தி அனுப்பினேன். குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோகும்போது முகம் கழுவி, தலை சீவி, நல்ல சட்டை போட்டுத்தானே கொண்டுபோகிறோம்? அழுக்கோடு அனுப்பி, உன் அலுவலகத்தில் நாலு பேர் "இதுதான் உங்க அண்ணி தோட்டமா" என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

அது தப்பென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

உன் அண்ணனிடம் ஆஸ்பத்திரி என்று வாயைத் திறந்தேன். "அவ எழுதின தாள் சுவத்துல தொங்குது. நல்லதுன்னு எழுதினதும் அவதான், இப்போ கெட்டதுன்னு சொல்றதும் அவதான். எதை நம்பறது? கொட்டகைய மூடணும், அவ்ளோதான் அவளுக்கு வேணும்" என்றார். சலித்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சட்டத்தோடு என் தலையில் போடுவார்.

இனிமேல் இப்படிப் பயமுறுத்தி எழுதாதே. கூடை கூடையாக விற்றிருக்கிறேன். நீ சொல்வது நிஜமாக இருந்தால் நான் எப்படித் தெருவில் நடப்பது?

அண்ணி


ஜூலை 8

அண்ணி,

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். அண்ணன் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், திறக்கவில்லை. ஜன்னல் திரை அசைந்தது. நீங்கள்தான் என்று தெரியும். கூப்பிட வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

"ஒரே ஒரு தடவை கொழந்தைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, அப்புறம் என் மொகத்துலயே முழிக்க வேணாம்" என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் கதவின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தான். கை நடுங்குகிறது அவனுக்கு. எத்தனை நாளாக?

திரும்பும்போது வேலியோரமாக எட்டு இடத்தில் நானே மண் எடுத்தேன். நேற்று அதில் ஈயம் பார்த்தேன். எண்ணைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? நான் இந்த வேலையில் இதுவரை எழுதாத எண். கிளறிப் பார்த்தவரை ஒரு மண்புழு இல்லை, ஓர் எறும்புப் புற்று இல்லை.

பழைய தாளைத் திரும்பப் பெற வேண்டும் என்று மேலதிகாரியிடம் போனேன். "வந்த மண்ணுக்குத்தாம்மா ரிப்போர்ட். வந்த மண்ணு நல்ல மண்ணு. வராத மண்ணுக்கு நாம என்ன பண்ண முடியும்?" என்றார். அவர் சொன்னதில் பிழையே இல்லை. அதுதான் எரிகிறது. கொட்டகை மேல் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

என் தாளை நீங்கள் நம்ப வேண்டாம். உங்கள் கண்ணை நம்புங்கள். இதோடு ஒரு வெள்ளைப் பருத்தித் துணி அனுப்புகிறேன். ஒரே துணியைக் கிழித்து ஒரு பாதியை எங்கள் அலுவலகத்துப் பின்புறம் புதைத்துவிட்டேன். மறு பாதியை வாதா மரத்தடியில் ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். உயிருள்ள மண் பருத்தியைத் தின்றுவிடும். இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள்.

குட்டிக்கு அதுவரை காத்திருக்காதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.


ஆகஸ்ட் 3

துணியை வந்த அன்றே புதைத்துவிட்டேன். உன் அண்ணனுக்குத் தெரியாது. கீரை விற்பதை நிறுத்திவிட்டேன். இடுப்பு வலி என்று சொல்லியிருக்கிறேன். குட்டிக்குக் கடையில் வாங்கிப் போடுகிறேன். இரண்டு நாளாக வாந்தி, இன்று பரவாயில்லை. மாசு அலுவலகத்திலிருந்து வந்த ஆள் சுவரில் இருந்த தாளைப் படித்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனாராம். இப்போது எழுதாதே.


செப்டம்பர் 6

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

இன்று என் பாதியைத் தோண்டினேன். துணி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓரத்துத் தையல் மட்டும் கையில் வந்தது. அது பாலியஸ்டர் நூல், அதை யாரும் தின்ன மாட்டார்கள். மற்றதெல்லாம் கறுப்பாக, வலையாக, தொட்டதும் உதிர்ந்துவிட்டது. பக்கத்து மேசைப் பெண் கைதட்டினாள். நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுடையது என்ன ஆயிற்று? ஒரு வரி போதும்.

வாலு


செப்டம்பர் 17

வாலுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுதுகிறேன். குட்டி உயிரோடு இருக்கிறாள். நீயும் முதலில் நல்லதைச் சொல்லிவிட்டுத்தானே எழுதுவாய்.

எட்டாம் தேதி காலையில் அவளுக்கு வலிப்பு வந்தது. கண் மேலே சொருகி, பல் கிட்டிவிட்டது. உன் அண்ணன் கொட்டகைக்குக் கிளம்பி வாசலில் நின்றவர், அதே சட்டையோடு அவளை மார்பில் அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன்.

டாக்டரம்மா கெட்டிக்காரி. வந்த உடனே கேட்டாள், "வீட்டுப் பக்கத்துல ஏதாவது ஃபாக்டரி, உலை, பேட்டரி வேலை இருக்கா?" உன் அண்ணன் சொன்னார்: "இருக்குங்க. ஆனா அதனால ஒண்ணும் இல்லீங்க. மண்ண டெஸ்ட் பண்ணியாச்சு. என் தங்கச்சி கவர்மென்ட்ல இருக்கா, அவளே கையெழுத்துப் போட்டிருக்கா." டாக்டரம்மா தலையாட்டினாள். மூளைக் காய்ச்சலாக இருக்கும் என்று அதற்கு ஊசி போட ஆரம்பித்தார்கள்.

அப்போது நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், வாலு. வாயைத் திறக்கவில்லை. அன்று முழுக்கத் திறக்கவில்லை. ராத்திரி மறுபடி வலிப்பு வந்தது.

மறுநாள் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். துணிப் பெட்டிப் பக்கம் போகாமல் நேராக வாதா மரத்தடிக்குப் போனேன். கையாலேயே தோண்டினேன். நீ கொடுத்த துணி வந்தது. வெள்ளைத் துணி, கொஞ்சம் காவி ஏறியிருந்தது, மடிப்பு கலையவில்லை. உதறினேன், மண் கொட்டிவிட்டது. என் கை செய்ததைக் கேள், பழக்கதோஷம், அதைக் கொண்டுபோய் சோப்புப் போட்டு அலசி, பிழிந்து, கொடியில் போடப் போனது. கொடிக்கு எட்டும்போதுதான் புத்தி வந்தது. துணியில் ஒரு பொத்தல் இல்லை. இழுத்துப் பார்த்தேன், கிழியவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கொட்டகை ஆட்கள் வேலிக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஈரத் துணியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டரம்மாவிடம், உன் அண்ணனை வைத்துக்கொண்டே, "அது தோட்டத்து மண்ணு இல்லீங்க. பெட்டி மண்ணு. நான் சலிச்சு அனுப்பினேன். நிஜமான மண்ணு இந்தத் துணியக்கூடத் திங்கல. என் கொழந்தை அந்த மண்ணத் தின்னுச்சுங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ரத்தம் எடுத்தார்கள். ராத்திரிக்குள் மருந்தை மாற்றினார்கள். ஒரு நாள் பிந்திவிட்டதா என்று கேட்டேன். டாக்டரம்மா என் தோளில் கை வைத்தாள். "ரத்தத்துல இருக்கறத எடுத்துடலாம்மா" என்றாள். மூளைக்கு ஏறியதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் அண்ணன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. டாக்டரம்மா அவரிடம், "அந்தச் சட்டையக் கழட்டி வெளிய போட்டுட்டு வாங்க. அதுல இருக்கற தூளே போதும்" என்றாள். அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பார்த்தார். குட்டி சப்பிச் சப்பி நைந்துபோன இடம். அதற்கப்புறம் உள்ளே வரவே இல்லை. யாரோ கொடுத்த பனியனோடு ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் ரத்தத்திலும் பார்த்தார்கள், அவளைவிட அதிகம். சோறு கொண்டுபோனால், "அவள நான் தூக்கலாமான்னு கேட்டுச் சொல்லு" என்கிறார். தினமும் கேட்டு, குளித்துவிட்டுத் தூக்கலாம் என்று தினமும் சொல்கிறேன். வருவதில்லை.

தையல்காரர் மனைவிக்கு ஆள் அனுப்பி, அவள் பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று நேரில் நானே சொல்கிறேன். அவள் காறித் துப்பினால் துடைத்துக்கொள்கிறேன்.

குட்டி கண்ணைத் திறந்து பார்க்கிறாள். பால் குடிக்கிறாள். உன் போட்டோவைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். பசுமாட்டுப் படத்தையும் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் புல்தரை, நாலு செடி, யாரும் கவனிக்காத இடம். அங்கிருந்து வாசனை எழும்பி வந்தது. முதலில் எனக்கு என்னவென்றே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஆயா, "மண்ணு என்னமா மணக்குது" என்றாள்.

என் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, வாலு.

அடுத்த பஸ்ஸுக்கு வா. உன் அண்ணன் கேட்டிலேயேதான் இருக்கிறார், இந்தத் தடவை வழி மறிக்க மாட்டார்.

அண்ணி